நுண்ணலை அடுப்பை வீட்டில் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மைக்ரோவேவ் ஓவன் என்று வழக்கில் அழைக்கப்படும் நுண்ணலை அடுப்பு இன்று பல இல்லங்களில் இடம்பெற்றுள்ளது. அதிகாலையிலேயே கடலுக்கும், துறைமுகத்துக்கும், உப்பளத்துக்கும் பணிக்குச் செல்வோர் மிகுந்த தூத்துக்குடிக் கடற்கரையில், காலையில் சமைத்த உணவை மதியம் முதியவர்களும் நோயாளிகளும் தாங்களே சூடாக்கி உண்ணும் நிலை பல வீடுகளில் உள்ளது. அவ்வாறு தனியே இருப்போருக்கு நெருப்பு மூட்டத் தேவையில்லாத இக்கருவி பெரிதும் உதவுகிறது.

இக்கருவியைப் பற்றி மருத்துவரிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை கதிர்வீச்சைப் பற்றியவை. உண்மையில் பழுதற்ற நுண்ணலை அடுப்பின் கதிர்வீச்சால் வீட்டிலுள்ளோர் அஞ்ச வேண்டியது ஏதுமில்லை. தீங்கு வருவது வேறு மூன்று வழிகளில்: கொதிநீரும் நீராவியும் ஏற்படுத்தும் புண்கள், சீராகச் சூடேறாத உணவு, சூடாக்குவதற்கு முன்பே கெட்டுவிட்ட உணவு. இம்மூன்றையும் எவ்வாறு தவிர்ப்பது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

நுண்ணலை அடுப்பு எவ்வாறு வேலை செய்கிறது?

அடுப்பினுள் உள்ள மேக்னட்ரான் என்னும் பாகம், மின்சாரத்தை 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட நுண்ணலைகளாக மாற்றுகிறது. இவ்வலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை விரைந்து அசையச் செய்கின்றன. அவ்வசைவே வெப்பமாகிறது. ஆகவே நீர்ச்சத்து மிகுந்த குழம்பும் சோறும் விரைவில் சூடாகின்றன. உலர்ந்த கருவாடு ஓரிடத்தில் கருகி, மற்றோரிடத்தில் சூடேறாமல் நிற்கிறது.

நுண்ணலைகள் உணவின் மேற்பரப்பிலிருந்து பொதுவாக 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழம் வரையே செல்லும். அதற்குக் கீழுள்ள பகுதி, சூடேறிய மேற்பகுதியிலிருந்து வெப்பம் பரவியே சூடாக வேண்டும். உப்பு மிகுந்த உணவில் அலைகளின் பெரும்பகுதி மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் இந்த ஆழம் மேலும் குறையும். மீன் குழம்பின் ஓரம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நடுவிலுள்ள தடித்த மீன் துண்டு குளிர்ந்திருப்பது இதனால்தான்.

கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா?

வராது. எக்ஸ்-கதிர் போன்றவை அணுக்களிலிருந்து மின்னணுக்களை வெளியேற்றி மரபணுவைச் சேதப்படுத்தும் ஆற்றல் கொண்டவை. நுண்ணலைகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. வானொலி அலைகளைப் போல இவையும் அயனியாக்காத கதிர்வீச்சு வகையைச் சேர்ந்தவை. விளக்கை அணைத்தவுடன் வெளிச்சம் மறைவதைப் போல, அடுப்பு நின்றவுடன் நுண்ணலைகளும் மறைந்துவிடுகின்றன. உணவில் அவை தங்குவதில்லை. உணவு கதிரியக்கம் கொண்டதாக மாறுவதுமில்லை.

அடுப்பின் கண்ணாடிக் கதவிலுள்ள உலோக வலை, அலைகள் வெளியேறாமல் தடுக்கிறது. கதவைத் திறந்தவுடன் அடுப்பு தானாக நின்றுவிடும் பூட்டமைப்பும் உண்டு. அடுப்பின் பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் கசிவு ஒரு சதுர மீட்டருக்கு 50 வாட்டுக்கு மிகக் கூடாது என்பது பன்னாட்டு வரம்பு. தொலைவு கூடக் கூட இந்த அளவு மிக விரைவாகக் குறைந்துவிடும்.

கருவுற்ற பெண்கள் நல்ல நிலையிலுள்ள அடுப்பைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பட்டோரும் அவ்வாறே. தற்காலக் கருவிகள் இத்தகைய அலைகளால் பாதிக்கப்படாதவாறு காப்புடன் அமைக்கப்பட்டுள்ளன. ஐயமிருப்பின், கருவி பொருத்தும்போது வழங்கப்பட்ட அட்டையை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இக்காப்பு, கதவு சரியாக மூடும் வரையே உண்டு. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றால் கதவின் கீல்களும் உட்புற உலோகப் பரப்பும் துருப்பிடிக்கக்கூடும். மாதம் ஒருமுறை கதவின் ஓரங்களையும் கீல்களையும் பாருங்கள். கதவு தளர்ந்திருந்தாலோ, கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ, உட்புற வண்ணப்பூச்சு உரிந்து துரு தெரிந்தாலோ, தீப்பொறி எழுந்தாலோ பயன்பாட்டை நிறுத்திவிட்டுப் பயிற்சி பெற்ற பணியாளரிடம் காட்டுங்கள்.

சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

நோயாளியின் நலனுக்கு இக்கேள்வியே மிக இன்றியமையாதது. நன்கு சூடாக்கினால் பெரும்பாலான கிருமிகள் அழியும். ஆனால் அக்கிருமிகள் உணவில் ஏற்கெனவே உண்டாக்கிய நஞ்சுகளில் சில, கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை.

நம் கடற்கரைக்கு மிகவும் பொருந்தும் எடுத்துக்காட்டு மீன். சூரை, கானாங்கெளுத்தி, சாளை, வஞ்சிரம் போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் இயற்கையாகவே மிகுதி. பிடித்த மீன் உடனே பனிக்கட்டியில் வைக்கப்படாவிட்டால், கிருமிகள் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. படகிலோ, சந்தையிலோ, வீட்டுச் சமையலறையிலோ, எங்கு குளிர்ச்சி தவறினாலும் இது நிகழலாம். ஹிஸ்டமின் உருவான பின் குழம்பாகக் கொதிக்க வைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும், உறைய வைத்தாலும், நுண்ணலை அடுப்பில் சூடாக்கினாலும் அது அழியாது. மீனின் நிறமும் மணமும் மாறாமலே இருக்கக்கூடும். மீனில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்று பன்னாட்டு உணவுத் தர நெறியான கோடெக்ஸ் வரையறுத்துள்ளது.

இத்தகைய மீனை உண்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவத்தல், தலைவலி, உடல் அரிப்பு, தடிப்பு, படபடப்பு, வாயில் எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றலாம். இதனை மீன் ஒவ்வாமை என்று கருதி, அந்த மீனையே வாழ்நாள் முழுவதும் ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஒரே மீனை உண்ட பலருக்கும் ஒரே நேரத்தில் அறிகுறிகள் தோன்றினால் ஹிஸ்டமின் நஞ்சேற்றத்தை ஐயுற வேண்டும். பெரும்பாலோருக்கு இது ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். ஆஸ்துமாவும் இதயநோயும் உள்ளவர்களுக்குக் கடுமையாகலாம். மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி இருப்பின் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை உட்கொள்வோர் இதில் தனிக்கவனம் கொள்ள வேண்டும். உடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை இம்மருந்து தடுப்பதால், பிறருக்கு ஒன்றும் செய்யாத அளவு ஹிஸ்டமின்கூட இவர்களுக்குத் தொல்லை தரலாம். சிகிச்சைக் காலத்தில் சூரை போன்ற மீன்களைத் தவிர்ப்பது நலம். அறிகுறி தோன்றினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சோற்றுக்கும் இதே விதி பொருந்தும். பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் சமையலின் வெப்பத்தைத் தாங்கி நிற்கும். வடித்த சோறு வெளியிலேயே நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி, வெப்பத்தால் அழியாத நஞ்சை உண்டாக்கலாம். பிறகு சோற்றை எவ்வளவு சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்காது.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கோடையில் ஒரு மணி நேரமே வரம்பு.
• மிகுந்த உணவை ஆழமற்ற சிறு பாத்திரங்களில் பிரித்து, 5 டிகிரிக்குக் குறைந்த குளிரில் வையுங்கள்.
• மீன் வாங்கியவுடன் பனிக்கட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, உடனே சுத்தம் செய்து, சமைக்கும் வரை குளிரில் வையுங்கள்.
• உண்ணும் அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் குளிரூட்டிச் சூடாக்காதீர்கள்.
• கெட்டதோ என்ற ஐயம் எழுந்தால் சுவைத்துப் பார்க்காமல் அப்புறப்படுத்துங்கள்.

மின்தடை ஏற்பட்டால், கதவைத் திறக்காத குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். அதற்கு மேல் மின்சாரம் இல்லாதிருந்தால், உள்ளிருந்த மீனையும் இறைச்சியையும் பாலையும் சமைத்த உணவையும் சூடாக்கி மீட்க முயலாதீர்கள்.

சீராகச் சூடாக்குவது எவ்வாறு?

உணவின் எல்லாப் பகுதிகளும் குறைந்தது 70 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். உணவு வெப்பமானி இல்லாத வீடுகளில், நடுப்பகுதியிலிருந்தும் ஆவி எழுவதே அடையாளம். வெதுவெதுப்பானால் போதும் என்று எடுத்துவிடுவது தவறு.

உணவைத் தட்டில் பரப்பி, தடித்த துண்டுகளை ஓரத்திலும் மெல்லியவற்றை நடுவிலும் வையுங்கள். ஆவி வெளியேறச் சிறிது இடைவெளி விட்டு மூடியிடுங்கள். பாதி நேரம் கழிந்ததும் வெளியே எடுத்து நன்றாகக் கிளறி, மீண்டும் சூடாக்குங்கள். முடிந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே விட்டுவைத்தால், மேற்பகுதியின் வெப்பம் உள்ளே பரவும்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. அக்காலத்தில் உறைந்த மீனைப் பயன்படுத்தும் வீடுகள், அதை முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குவது சிறந்தது. நுண்ணலை அடுப்பில் உருக்கினால் ஓரங்கள் வேகத் தொடங்கியிருக்க, நடுப்பகுதி உறைந்தே இருக்கும். அவ்வாறு உருக்கிய மீனை உடனே சமைத்துவிட வேண்டும். எடுத்து வைக்கக் கூடாது.

எந்தப் பாத்திரம் ஏற்றது?

எவர்சில்வர், அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களையும், தங்கநிற வளையமிட்ட பீங்கான் தட்டுகளையும் உள்ளே வைக்கக் கூடாது. உலோகம் அலைகளைத் திருப்பி அனுப்புவதால் தீப்பொறி எழலாம். நுண்ணலை அடுப்புக்கு ஏற்றது எனக் குறிக்கப்பட்ட கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களே சிறந்தவை.

ஐயமுள்ள பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தை எளிதாகச் சோதிக்கலாம். வெறும் பாத்திரத்தையும் அதன் அருகே ஒரு கோப்பைத் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் அடுப்பை இயக்குங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் பயன்படுத்தலாம். பாத்திரமே சூடானால் அது ஏற்றதன்று. உலோகப் பாத்திரத்தை இவ்வாறு சோதிக்க வேண்டாம்.

உணவகத்திலிருந்து வாங்கிய சால்னா, சாம்பார் பொட்டலத்தை அப்படியே வைத்துச் சூடாக்காதீர்கள். எண்ணெய் கலந்த குழம்பு மிகுதியாகச் சூடேறி நெகிழியை உருக்கலாம். அதிலுள்ள வேதிப்பொருட்கள் உணவில் கலக்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் டப்பாவும் இதற்கு ஏற்றதன்று. அலுமினியத் தாளும், ஸ்டேப்ளர் ஊசி குத்திய பொட்டலமும், செய்தித்தாளும் தீப்பற்றக் காரணமாகலாம்.

வெந்துபோகாமல் காத்துக்கொள்வது எவ்வாறு?

மூடியை அகற்றும்போது முகத்துக்கு எதிர்ப்புறமாக, தொலைவிலுள்ள ஓரத்தை முதலில் தூக்குங்கள். பாத்திரத்தை எடுக்க உலர்ந்த தடித்த துணியைப் பயன்படுத்துங்கள். ஈரத்துணி வெப்பத்தை விரைவில் கைக்குக் கடத்திவிடும்.

வழவழப்பான கோப்பையில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிச் சூடாக்கினால், அது கொதிநிலையைத் தாண்டியும் குமிழியிடாமல் அமைதியாகவே இருக்கக்கூடும். அசைத்தவுடனோ, காப்பித்தூளைப் போட்டவுடனோ பொங்கிச் சிதறி முகத்தையும் கையையும் சுட்டுவிடும். தண்ணீரைத் தேவைக்கு மேல் சூடாக்காதீர்கள்; நின்றபின் அரை நிமிடமாவது பொறுத்து எடுங்கள்.

ஓட்டுடன் கூடிய முட்டையும், ஓடு நீக்கிய முழு அவித்த முட்டையும் உள்ளே அழுத்தம் மிகுந்து வெடிக்கும். சில வேளைகளில் வெளியே எடுத்துக் கடிக்கும்போதுகூட வெடிக்கும். மீன் சினை, முழுக் கணவாய், ஈரல் ஆகியவையும் அவ்வாறே. இவற்றைத் துண்டுகளாக நறுக்கி, குறைந்த வெப்பத்தில் சூடாக்குங்கள். எண்ணெயில் பொரிப்பதற்கு இவ்வடுப்பைப் பயன்படுத்தக் கூடாது.

அடுப்பைப் பெரியவர்களின் மார்பு உயரத்துக்கு மேல் வைக்காதீர்கள். உயரத்திலிருந்து சூடான பாத்திரத்தை இழுக்கும் குழந்தையின் முகத்திலும் மார்பிலும் குழம்பு கொட்டக்கூடும். சிறு குழந்தைகளைத் தாங்களாக இயக்க விடாதீர்கள்.

தனிக்கவனம் தேவைப்படுவோர்

நீரிழிவு நோயாளிகள்: நரம்புப் பாதிப்பால் கை, கால்களில் உணர்ச்சி குறைந்திருந்தால், சூடு தெரியாமலே தோல் வெந்துபோகும். பாத்திரத்தை எடுக்க எப்போதும் கையுறை அணியுங்கள். நுண்ணலை அடுப்பில் சூடாக்கிய ஒத்தடப் பைகளைப் பாதத்தில் வைக்காதீர்கள். அவற்றின் உட்பகுதியும் சீராகச் சூடேறுவதில்லை. சிறு கொப்புளமும் ஆறாப் புண்ணாக மாறி, விரலையோ காலையோ இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லலாம்.

பக்கவாதம், நடுக்கம், பார்வைக் குறைவு உள்ளோர்: குழம்பு, கஞ்சி போன்ற நீர்மங்களைத் தாங்களாக எடுக்க நேராதவாறு, ஒரு வேளைக்குரிய அளவைச் சிறு பாத்திரத்தில் முன்கூட்டியே பிரித்து வையுங்கள்.

மூக்குக் குழாய் வழியாக உணவு பெறுவோர்: கஞ்சியின் ஒரு பகுதி மட்டும் கொதிநிலையில் இருக்கலாம். குழாய்வழிச் செல்லும் சூடு நாவுக்குத் தெரியாது, இரைப்பை வெந்துபோகும். நன்கு கலக்கி, பராமரிப்பாளர் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பான பின்பே செலுத்த வேண்டும்.

கைக்குழந்தைகள்: எடுத்து வைத்த தாய்ப்பாலையோ பிற பாலையோ நுண்ணலை அடுப்பில் சூடாக்கக் கூடாது. பாத்திரம் குளிர்ந்திருக்க, பால் குழந்தையின் வாயையும் தொண்டையையும் சுடும் அளவுக்குச் சூடேறியிருக்கலாம். பால் உள்ள கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து வெதுவெதுப்பாக்கி, பாலாடையால் புகட்டுங்கள்.

மருந்துகள்: இன்சுலின், ஊசி மருந்து, மருந்துப் பாகு எதையும் இதில் சூடாக்காதீர்கள். ஊசி, சிரிஞ்சு, சர்க்கரை அளவு பார்க்கும் ஊசிமுனை ஆகியவற்றைத் தூய்மையாக்கவும் இதனைப் பயன்படுத்தாதீர்கள்.

மின்பாதுகாப்பும் வெள்ளக்காலமும்

அடுப்பை நில இணைப்புள்ள, 16 ஆம்பியர் தாங்கும் மூன்று துளை மின்செருகியில் நேரடியாக இணையுங்கள். சாதாரண நீட்டிப்புக் கம்பி சூடேறித் தீப்பற்றலாம். காற்றோட்டத் துளைகளைத் துணியால் மூடாதீர்கள். உள்ளே ஒன்றுமில்லாமல் இயக்காதீர்கள். உள்ளே தீப்பற்றினால் கதவைத் திறக்காமல் சுவிட்சை அணைத்து, செருகியைப் பிடுங்கிவிடுங்கள்; காற்று கிடைக்காமல் தீ அடங்கிவிடும்.

மேலுறையைத் திறந்து தாங்களே பழுது பார்க்க ஒருபோதும் முயலாதீர்கள். உள்ளேயுள்ள மின்தேக்கியில், செருகியைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு 2,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தேங்கி நிற்கக்கூடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாவட்டத்தின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளநீர் புகுந்த அடுப்பை வெயிலில் உலர்த்தி இயக்கிப் பார்ப்பது பேராபத்து. பயிற்சி பெற்ற பணியாளர் சோதித்துச் சொல்லும் வரை அதனை மின்சாரத்தில் இணைக்காதீர்கள்.

வெந்துபோனால் உடனே செய்ய வேண்டியவை

• வெந்த இடத்தைக் குழாய் நீரோட்டத்தில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம்.
• வீக்கம் வருமுன் மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.
• பற்பசை, மை, காப்பித்தூள், தோசை மாவு, மஞ்சள், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.
• தூய துணியால் தளர்வாக மூடுங்கள்.

வெந்த பரப்பு நோயாளியின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலோ, குழந்தை, முதியவர், நீரிழிவு நோயாளி ஆகியோருக்கு நேர்ந்திருந்தாலோ உடனே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். மின்தாக்குதல் ஏற்பட்டிருந்தால், முதலில் மின்சாரத்தைத் துண்டித்த பின்பே அவரைத் தொடுங்கள். புண் சிறிதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சுடுநீராவியாலோ சூடான உணவாலோ தொண்டை வெந்து மூச்சுத்திணறலோ குரல் மாற்றமோ ஏற்பட்டால் 108-ஐ அழையுங்கள். அவசரமற்ற ஐயங்களுக்கு 104 மருத்துவ ஆலோசனைச் சேவையைத் தொடர்பு கொள்ளலாம்.

நினைவில் கொள்ள

பழுதற்ற அடுப்பின் கதிர்வீச்சுக்கு அஞ்ச வேண்டாம்; அதன் ஆவிக்கும் சூட்டுக்கும் அஞ்சுங்கள். கிளறி, பொறுத்து, நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். கெட்டுப்போன மீனையோ சோற்றையோ எந்த அடுப்பாலும் நல்லதாக்க முடியாது. வீட்டில் நோயாளி தனியே இருப்பாரெனில், இப்பக்கத்தின் முக்கியக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்பின் அருகே ஒட்டி வையுங்கள்.